மீன் கோட்டோவியமும் பெயர் வரலாறும்

பாண்டியர் காசுகளில் பொறிக்கப்பட்ட மீனைக் காண்போர், அது எந்தக் கடலின் எவ்வகை மீன் என்று வினவுவதில்லை. அது அரசின் அடையாளம். அதற்கு அவ்வளவே போதும். ஆய்வுக்கென வரையப்பெறும் மீன் கோட்டோவியமோ வேறு நோக்கினது. துடுப்பு முட்களின் எண்ணிக்கையும் செதிலின் ஒழுங்கும் பிறழாது, இன்ன மீன் இதுவென அறிவிப்பதே அதன் கடமை.

இக்கோட்டோவியங்களைப் படிக்கவும் ஒரு பயிற்சி தேவை. பெரும்பாலும் மீன் பக்கவாட்டில் கிடக்கும். துடுப்புகள் யாவும் விரிந்திருக்கும். கானாங்கெளுத்தி விரைந்து நீந்துங்கால் தன் முதுகுத் துடுப்பை மடக்கிக்கொள்ளும் இயல்பினது. ஆகவே, விரிந்த துடுப்புடன் நாம் காண்பது கடலில் நீந்தும் மீன் அன்று. கரையேறியபின் எண்ணிக் கணக்கிடப்பட்ட மீன். கோடு பொய் கூறவில்லை. தனக்கு வேண்டிய உண்மையைத் தேர்ந்துகொண்டது.

1785-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக அமர்ந்த பாட்ரிக் ரஸ்ஸல், விசாகப்பட்டினக் கரையில் இருநூறு மீன்களை இந்திய ஓவியரைக் கொண்டு வரைவித்தார். 1803-இல் இலண்டனில் வெளிவந்த அந்நூலில் மீன்கள் பலவும் அக்கரையினர் வழங்கிய பெயர்களுடனேயே இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று 'கானகுர்த்த'. பிரெஞ்சு அறிஞர் குவியே 1816-இல் அப்படத்தையும் விளக்கத்தையும் ஆதாரமாகக் கொண்டு அம்மீனுக்கு அறிவியற் பெயரிட்டார். இன்றும் அது 'ராஸ்டிரெல்லிகர் கானகுர்த்தா' என்றே வழங்குகிறது. நம் கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் கானாங்கெளுத்தி எனப்படுவது அதுவே.

இங்கே நுணுகி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இப்பெயருக்குச் சான்றாகப் பேணப்பட்ட மீனுடல் எதுவும் இல்லை. எஞ்சிய சான்று அந்தக் கோட்டோவியமே. பெயரைச் சொன்னவர் மீனவர், வடிவைத் தந்தவர் ஓவியர், எழுதியவர் ரஸ்ஸல், இலத்தீனில் ஏற்றியவர் குவியே. நால்வருள் பின்னிருவரையே உலகம் பெயர் சொல்லி அறியும். எனினும் மீனவரின் சொல் இலத்தீனுக்குள் புகுந்து நிலைபெற்றுவிட்டது.

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூலில் படங்களோடு தமிழ்ப் பெயர்களையும் குறித்தார். ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் அப்பெயர்களை மீட்டுத் தருவது மீன்வளத் துறையினரால் மட்டும் ஆகக்கூடியதன்று. கரையோரப் பேச்சறிந்த தமிழாய்வாளரும் உடனிருத்தல் வேண்டும்.

1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்ததும், அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இக்கரையிலேதான். ஓவியரும் மீனவரும் அண்டை வாழும் கரை இது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை வழங்கும் மீன்பெயர்களைப் படத்துடன் தொகுக்க இலக்கிய அமைப்புகள் முன்வருமாயின், அத்தொகுப்பில் பெயர் சொன்ன மீனவரின் பெயரும் வரைந்தவரின் பெயரும் தவறாது இடம்பெறல் வேண்டும். ரஸ்ஸலின் நூல் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.