பார்ப்போர் கற்ற பாடம்

விளையாட்டு ஆடுவோரால் மட்டும் சிறப்பதன்று, பார்ப்போராலும் சிறப்பது. அங்கவீனமுற்றோர் ஆடும் விளையாட்டுகளின் வரலாற்றை நோக்குவோமாயின், ஆடுவோரைப் போலவே பார்ப்போரும் ஒரு பயிற்சி பெற வேண்டியிருந்தமை புலனாகும்.

இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்திலே, முள்ளந்தண்டிற் காயமுற்று இடுப்பின்கீழ் உணர்விழந்த போர்வீரர் நெடுங்காலம் வாழார் என்பதே வைத்தியர் பலரின் கருத்தாயிருந்தது. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்தம் உயிரைக் குடித்தன. ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்து சேர்ந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில் இவர்களுக்கெனத் தனிப்பிரிவொன்றைத் தொடங்கினார். இரண்டு மணிக்கொருமுறை நோயாளரைப் புரட்டிப் படுக்கவைத்தார். பின்னர் எழுப்பி இருத்தினார். அதன்பின் கையிலே வில்லைக் கொடுத்தார்.

1948 ஜூலை 29ஆந் திகதி இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கியது. அதே நாளில் அவ்வைத்தியசாலைப் புற்றரையிலே 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தனர். அவருள் இருவர் பெண்கள். வெம்பிளி அரங்கிற் கூடிய பெருந்திரள் அங்கில்லை. ஆயினும், எய்தவர் நின்று எய்தாரா, இருந்து எய்தாரா என்று இலக்கு கேட்பதில்லை என்னும் உண்மை அன்று விளங்கிற்று.

1960இல் ஒலிம்பிக் முடிந்த ரோம் நகரிலே, 23 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 400 பேர் போட்டியிட்டனர். 1976இல் ரொறன்ரோ நகரில் கண்பார்வையற்றோரும் அங்கமிழந்தோரும் சேர்ந்துகொண்டனர்.

பார்ப்போருக்குக் கட்டுப்பாட்டைக் கற்பிக்கும் ஆட்டமொன்று உண்டு. அது 'கோல்போல்'. யுத்தத்திலே கண்ணிழந்தோருக்கென 1946இல் அமைக்கப்பட்டது. பக்கத்துக்கு மூவர், அனைவர்க்கும் கண்மறைப்பு, பந்தினுள்ளே மணி. மணியோசையே ஆடுவோருக்கு வழிகாட்டி. ஆதலாற் பந்து உருளும்போது அரங்கம் முழுவதும் மௌனம் காக்கவேண்டும். ஆட்டம் நின்றபின்னரே ஆரவாரம். இங்கே அநுதாபம் யாருக்கும் உதவாது, ஒழுங்கே உதவும்.

2012இல் இலண்டன் பராலிம்பிக் போட்டிகளுக்கு ஏறத்தாழ 27 இலட்சம் அநுமதிச்சீட்டுகள் விற்பனையாயின. புற்றரையிலே தொடங்கிய முயற்சியைப் பணங்கொடுத்துப் பார்க்க மக்கள் திரண்டனர். இரக்கத்தினாற் சீட்டு வாங்குவோர் சிலரே. நல்ல ஆட்டத்தைக் காணும் ஆவலே பலரை ஈர்க்கும்.

எமது நாட்டுக்கு முதற் பொன்பதக்கம் கிடைத்ததோ, பெருந்தொற்றினாற் பொதுமக்களுக்கு அநுமதி மறுக்கப்பட்ட தோக்கியோ அரங்கில். 2021 ஓகஸ்ட் 30ஆந் திகதி, கையிற் குறையுடையோருக்கான ஈட்டி எறிதலில் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனை நிலைநாட்டினார். அவரும் யுத்தத்திலே காயமுற்றவரே.

யுத்தத்தினாற் கையும் காலும் கண்ணும் இழந்தோர் எமது நாட்டின் எல்லா இனத்தாரிடையேயும் உளர். இரங்கிக் கைதட்டுதல் எளிது. ஆட்டத்தின் விதியறிந்து, திறமை கண்டு கைதட்டுதலே மதிப்பு. இளைஞர்களே! எமது கழகங்கள் நடத்தும் விளையாட்டு விழாக்களிலே பரிசு பெறுவோர் வரிசையில் மட்டுமன்றி, போட்டி நிரலிலும் இவர்களுக்கு இடமளிப்போமாக.