எழுபது வளைவும் ஒரு பொய்த் தந்தியும்

இந்த எபிசோடை ரூம்ல ரெக்கார்ட் பண்ணலை. கொல்லிமலை மேல, சோளக்காட்டுல ஒரு டீக்கடை பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. காலைல காரவள்ளி அடிவாரத்துல சைக்கிளை எடுத்தேன். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. உண்மையைச் சொல்லிடறேன், முழுசா மிதிக்கலை. பாதிக்கு மேல பல இடத்துல இறங்கித் தள்ளினேன்.

தள்ளும்போது ஞாபகம் வந்தவர் ஆக்டேவ் லாபிஸ். 1910 டூர் டி பிரான்ஸ் சாம்பியன். அவரும் மலையில் சைக்கிளைத் தள்ளினவர்தான்.

அந்தக் கதைக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். டூர் டி பிரான்ஸ் 1903-ல் தொடங்கியதே ஒரு பத்திரிகையின் விற்பனையைக் கூட்டத்தான். பத்திரிகை பேரு லோட்டோ, ஆசிரியர் ஆன்ரி டெக்ராஞ்ச். சில வருஷத்துல சமவெளிப் பந்தயம் பழசாயிடுச்சு. அவரிடம் வேலை பார்த்த அல்போன்ஸ் ஸ்டைனெஸ், பிரெனீஸ் மலைத்தொடருக்குள் பந்தயத்தைக் கொண்டுபோகலாம் என்றார். டெக்ராஞ்சுக்குத் தயக்கம். சரி, போய்ப் பாதையைப் பார்த்துட்டு வா என்று அனுப்பினார்.

ஸ்டைனெஸ் போனது 2,115 மீட்டர் உயரமுள்ள துர்மலே கணவாய்க்கு. கார் பனியில் மாட்டிக்கொண்டது. இருட்டில் இறங்கி நடந்தார், வழி தவறினார், பனியில் விழுந்து எழுந்து எப்படியோ அந்தப் பக்கம் உயிரோடு போய்ச் சேர்ந்தார். அப்புறம் ஆசிரியருக்கு ஒரு தந்தி அடித்தார்: துர்மலேயைக் கடந்தாச்சு, பாதை அருமையா இருக்கு, தாராளமா போகலாம்னு!

நம்ம ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார். டெஸ்டே பண்ணாம "எல்லாம் ஓகே, ப்ரொடக்‌ஷன்ல போடலாம்"னு மெயில் அடிப்பார். ராத்திரி முழுக்க முழிச்சிருந்து சரி பண்றது வேற யாரோ.

இங்கே முழித்திருந்தது வீரர்கள். 1910 ஜூலை 21, லூஷோனில் இருந்து பயோன் வரை ஒரே நாளில் 326 கிலோமீட்டர். விடியும் முன்பே கிளம்பினார்கள். வழியில் துர்மலே உட்பட பெரிய மலைகள். பாதை மண்ணும் கல்லும். இன்று நாம் தட்டித் தட்டி மாற்றும் கியர் அப்போது கிடையாது. டூரில் அதை அனுமதித்ததே 1937-ல்தான். ஓபிஸ்க் மலையில் லாபிஸ் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்து, அங்கே நின்ற அதிகாரிகளைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தினார். கத்திவிட்டு மறுபடி ஏறி மிதித்து அன்றைய கட்டத்தையும் ஜெயித்தார், கடைசியில் டூரையும் ஜெயித்தார். ஏழு வருஷம் கழித்து, முதல் உலகப்போரில் விமானியாக இருந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார்.

அவர் கத்தினதைக் கேட்டுப் பந்தயத்தை மலையிலிருந்து இறக்கினார்களா? அடுத்த வருஷம் ஆல்ப்ஸையும் சேர்த்தார்கள். படிக்கிறவங்களுக்கு அது பிடிச்சிருந்தது. இதுல என் பங்கும் இருக்குன்னு எனக்கு லேட்டாதான் உறைச்சுது.

2022-ல ஆன்சைட் வேலையா ஜெர்மனில இருந்தேன். ஜூலை 14 அன்னைக்கு ஆல்ப் டுயெஸ் மலையில் கட்டம் முடியுது. 1952-ல் ஃபாஸ்டோ கோப்பி முதன்முதலில் ஜெயித்த அதே ஏற்றம். 21 வளைவு, ஒவ்வொன்றிலும் ஜெயித்தவர்கள் பெயரோடு பலகை. லீவு போட்டுட்டு போயிட்டேன். காலைலேர்ந்து வெயில்ல காத்திருந்தேன். டிக்கெட் கிடையாது, ரோட்டோரம்தான் கேலரி. சமவெளியில நின்னா சர்ர்னு போயிடுவாங்க, மலையில முகம் தெரியும். டாம் பிட்காக் தனியாப் போனார், அன்னைக்கு ஜெயிச்சவர் அவர்தான். ரொம்ப நேரம் கழிச்சு கடைசிக் கூட்டம் வந்தது. நேரக்கெடுவைத் தாண்டினா போட்டியை விட்டே வெளியே. ஒருத்தர் வாய் கோணி, உப்புப் படிஞ்ச சட்டையோட என் கைக்கெட்டுற தூரத்துல போனார். நான் கத்தோ கத்துன்னு கத்தினேன், வீடியோவும் எடுத்தேன்.

அதை அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் இளவட்டமா இருந்தப்போ ஆடி பதினெட்டுக்கு நாமக்கல்லேர்ந்து ஹெர்குலஸ் சைக்கிள்ல கொல்லிமலைக்கு வந்தவர். கியர் கிடையாது. ஏத்தம் முழுக்கத் தள்ளிக்கிட்டே வருவாங்களாம். இறங்கும்போது பிரேக் நிக்காதுன்னு பின்னாடி மரக்கிளையைக் கட்டி இழுத்துக்கிட்டு வருவாங்களாம். வீடியோவைப் பார்த்துட்டு போன் பண்ணினார். "ஏன்டா, இவ்வளவு கஷ்டப்படறானே, யாராச்சும் முதுகுல கை வெச்சுத் தள்ளக்கூடாதா?"

"தள்ளினா அவருக்குத்தான் அபராதம்பா."

"அப்புறம் நீ எதுக்கு அங்க நின்ன?"

இன்னைக்கு வரைக்கும் அவருக்குப் பதில் சொல்லலை. அடுத்த ஜூலையும் டிவி முன்னாடிதான் உட்கார்ந்தேன், மலை வந்தா வால்யூமைக் கூட்டினேன்.

இன்னைக்குக் காலைல ஐம்பதைத் தாண்டி ஒரு வளைவுல நின்னு மூச்சு வாங்கிட்டிருந்தேன். பின்னாடி வாழைத்தாரோட ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்தது. ஓட்டிட்டு வந்த பெரியவர் ஸ்பீடைக் குறைச்சு, "கேரியரைப் பிடிச்சுக்க தம்பி"ன்னார். 1904 டூர்ல விதிமீறலுக்காக முதல் நாலு இடத்துல வந்தவங்களையும் தகுதி நீக்கம் பண்ணினாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு வளைவு. ஸ்ட்ராவால அந்த இடத்துல வேகம் எகிறியிருக்கு, யாரும் கேட்காதீங்க. டீ ஆறுது, அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.