பெட்டி யாருடையது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி, தங்கையின் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். பெங்களூரில் வேலை. "எதுலம்மா வேலை?" என்று கேட்டேன். "கண்டெய்னர்ல சார்" என்றாள். "துறைமுகத்துலயா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினாள். கம்ப்யூட்டர் நிரல்களையும் இப்போது கண்டெய்னரில் அடைத்துத்தான் அனுப்புகிறார்களாம். அவள் போன பிறகும் விஷயம் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. நாலைந்து நாள் தேடித் தேடிப் படித்தேன். தொழில்நுட்பத்தில் நான் அரைகுறைதான். ஆனால் இதற்குள் இருக்கும் வரலாறு, நான் 34 வருடம் வகுப்பில் நடத்திய வரலாற்றின் இன்னொரு பாடம்தான்.

முதலில் கப்பல் கண்டெய்னர். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

1956 ஏப்ரல் 26. அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. யோசனை மால்கம் மக்லீன் என்பவருடையது. லாரி கம்பெனி நடத்தியவர். அதுவரை மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி எல்லாவற்றையும் தொழிலாளர்கள் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவார்கள். ஒரு கப்பலுக்கு நாள் கணக்கில் ஆகும். 'லாரியில் வந்த பெட்டியைத் திறக்காமல் அப்படியே கப்பலில் தூக்கி வைத்தால் என்ன?' என்று மக்லீன் கேட்டார். உதிரியாக ஏற்றினால் டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆன செலவு, அந்தப் பயணத்தில் 16 சென்டுக்கும் குறைவாக இறங்கியதாகக் கணக்கு.

ஆனால் நான் சொல்ல வந்த கதை அதற்குப் பிறகுதான் வருகிறது. மக்லீனின் பெட்டி 35 அடி நீளம். பசிபிக் பக்கம் மாட்சன் என்ற கம்பெனியின் பெட்டி 24 அடி. ஒருவர் பெட்டி இன்னொருவர் கப்பலில் உட்காராது. ஒரு கம்பெனியின் பெட்டியை வாங்கியவர் அந்தக் கம்பெனியின் கப்பலுக்கும் கிரேனுக்கும் அடிமை. 1961இல் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. ஒரு குழு போட்டுப் பேச ஆரம்பித்தது. வருடக்கணக்கில் இழுபறி. கடைசியில் 10, 20, 30, 40 அடி என்று முடிவானது. முன்னோடிகள் இருவரின் அளவும் அதில் இல்லை!

பெட்டியின் மூலையில் இருக்கும் இரும்பு வார்ப்பையும், அதில் மாட்டும் திருகுப் பூட்டையும் கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர் மக்லீனுக்காக வடிவமைத்திருந்தார். அதன் காப்புரிமையை 1963இல் மக்லீன் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தார். தானம் செய்யும் மனம் மட்டும் காரணமென்று நான் நினைக்கவில்லை. எல்லோரும் ஒரே மூலையை வைத்தால் தன் வியாபாரமும் பெருகும் என்ற கணக்கும் இருந்திருக்கும். எதுவானாலும் இன்று உலகில் எந்தத் துறைமுகத்துக் கிரேனும் எந்த நாட்டுப் பெட்டியையும் தூக்கும். வரலாறு சார் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெட்டியால் லண்டனிலும் நியூயார்க்கிலும் பழைய துறைமுகங்கள் வெறிச்சோடின. பல தலைமுறையாக மூட்டை தூக்கிப் பிழைத்த குடும்பங்கள் வேலை இழந்தன. தரம் வந்தால் எல்லோருக்கும் லாபம் என்று சொல்லிவிட முடியாது.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம்.

ஒருவர் தன் கம்ப்யூட்டரில் ஒரு நிரலை எழுதுகிறார். நன்றாக ஓடுகிறது. வேறொரு கம்ப்யூட்டரில் போட்டால் ஓட மறுக்கிறது. காரணம், அந்த நிரலுக்குத் துணைநிரல்கள் பல தேவை. அவற்றில் ஒன்றின் பதிப்பு மாறினாலும் கோளாறு. இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, ஒரு முழுக் கம்ப்யூட்டரையே மென்பொருளால் போலி செய்து, அதற்குள் நிரலை வைப்பது. பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர் அடுப்பு, விறகு, அம்மிக்கல் எல்லாவற்றையும் தலையில் சுமந்து போவது மாதிரி. இரண்டாவது வழி கட்டுச்சோற்று மூட்டை. வேண்டியதை மட்டும் கட்டிக்கொள்வது. அடுப்பு, அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, போகிற இடத்தில் இருப்பதையே பொதுவாகப் பயன்படுத்திக்கொள்வது. இந்த மூட்டைதான் கண்டெய்னர்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஒரு நிரலுக்கு வட்டின் ஒரு பகுதியை மட்டும் காட்டி 'இதுதான் உன் உலகம்' என்று நம்பவைக்கும் வசதி வந்தது. 2000இல் ஃப்ரீ.பி.எஸ்.டி. இயங்குதளத்தில் அதை இன்னும் இறுக்கி 'ஜெயில்' என்றே பெயர் வைத்தார்கள். 2006இல் கூகுள் பொறியாளர்கள், எந்த நிரல் எவ்வளவு நினைவகம் தின்னலாம் என்று அளந்து கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். 2008இல் அது லினக்ஸில் சேர்ந்தது. அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் வந்துவிட்டன. ஆனால் சமைக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2013 மார்ச்சில் கலிபோர்னியாவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஐந்து நிமிடம் பேசினார். அவர் காட்டிய கருவியின் பெயர் டாக்கர். சாதாரணப் பொறியாளரும் இரண்டு மூன்று கட்டளையில் மூட்டை கட்டலாம், அனுப்பலாம், பிரிக்கலாம். அதன் சின்னமே முதுகில் கண்டெய்னர்களை அடுக்கிய திமிங்கிலம்தான். கப்பல் கதையை அவர்களே மறைக்கவில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் உலகம் முழுக்கப் பரவியது.

இங்கேதான் 35 அடிப் பெட்டிப் பிரச்சினை திரும்ப வருகிறது. மூட்டையின் வடிவம், அதைப் பிரிக்கும் கருவி, மூட்டைகளை வைத்திருக்கும் கிடங்கு மூன்றும் ஒரே கம்பெனியின் கையில். நிரல் திறந்த மூலமாக இருந்தாலும், வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதை நாளைக்கே அவர்கள் மாற்றலாம். 2014 டிசம்பரில் கோர்.ஓ.எஸ். என்ற சிறு நிறுவனம் வெளிப்படையாகவே குறை சொன்னது. 'டாக்கர் எளிய கருவியாக இருக்கும் என்று நம்பினோம், அது எல்லாவற்றையும் விழுங்கும் மேடையாக மாறுகிறது' என்பது குறையின் சாரம். 'ராக்கெட்' என்ற போட்டிக் கருவியையும், யார் வேண்டுமானாலும் பின்பற்றக்கூடிய எழுத்து வடிவ விதிமுறை ஒன்றையும் வெளியிட்டது. கூகுளும் ரெட் ஹேட்டும் அந்தப் பக்கம் சாயத் தொடங்கின.

பிளவு வந்திருந்தால் 24 அடி, 35 அடிக் கதைதான். ஆனால் 2015 ஜூன் 22 அன்று எல்லோரும் ஒரு மேசைக்கு வந்தார்கள். லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஒரு பொது அமைப்பு உருவானது. இன்று அதன் பெயர் ஓபன் கண்டெய்னர் இனிஷியேட்டிவ். சுருக்கமாக ஓ.சி.ஐ. டாக்கர், கோர்.ஓ.எஸ்., கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., ரெட் ஹேட் என்று அடித்துக்கொள்கிறவர்கள் எல்லாம் சேர்ந்தார்கள். மூட்டையைப் பிரித்து ஓட்டும் 'ரன்சி' என்ற தன் உட்கருவியை டாக்கர் பொதுவுக்குக் கொடுத்தது. அந்த மூலை இரும்பைக் கொடுத்த கதை நினைவுக்கு வருகிறதா?

2017 ஜூலையில் இரண்டு விதிமுறைகளின் முதல் பதிப்பு வந்தது. ஒன்று, மூட்டை எப்படி இருக்க வேண்டும் என்பது. நிரல் கோப்புகள் அடுக்கு அடுக்காக இருக்கும். எந்தெந்த அடுக்கு என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி 64 எழுத்து கொண்ட ஓர் அடையாளம் இருக்கும். வழியில் யாராவது ஒரு புள்ளியை மாற்றினாலும் கைரேகை பொருந்தாது. இரண்டாவது, மூட்டையை எப்படி ஓட்டுவது என்பது. உருவாக்கு, தொடங்கு, நிலையைச் சொல், நிறுத்தச் சைகை கொடு, அகற்று. அவ்வளவுதான் கட்டளைகள். மூன்றாவதாக, கிடங்கிலிருந்து எப்படி எடுப்பது, கொடுப்பது என்ற விதிமுறை 2021 மே மாதம் வந்தது.

'காகிதத்தில் எழுதி என்ன பயன்?' என்று என் மைத்துனர் கேட்பார். மூன்று சம்பவம் சொல்கிறேன்.

2020 நவம்பரில் டாக்கரின் கிடங்கு, கணக்கு இல்லாமல் எடுப்பவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 முறைதான் என்று கட்டுப்பாடு போட்டது. அடுத்த மாதமே, ஆயிரக்கணக்கான கண்டெய்னர்களை மேய்க்கும் குபெர்னெட்டிஸ் என்ற அமைப்பு, டாக்கரோடு நேரடியாகப் பேசுவதைக் கைவிடப்போவதாக அறிவித்தது. 2022 மே மாதம் அப்படியே செய்தது. நடுவில் 2021 ஆகஸ்டில், டாக்கரின் மேசைக் கணினி மென்பொருளுக்குப் பெரிய நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் பொறியாளர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. என் மாணவிகூட 2020 டிசம்பரில் இரண்டு நாள் தூங்கவில்லையாம். ஆனால் கட்டிவைத்த மூட்டைகள் வீணாகவில்லை. டாக்கரில் கட்டிய மூட்டையை 'கண்டெய்னர்டி' பிரித்தது, 'பாட்மேன்' பிரித்தது. விருப்பப்பட்டவர்கள் வேறு கிடங்குக்கு மாறினார்கள். கம்பெனி விலை கேட்டது நியாயம்தான், அவர்களும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் 'கொடுக்க முடியாது, போகிறேன்' என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு வழி இருந்தது. அந்த வழியைத்தான் அந்தக் காகிதம் கொடுத்தது.

கலகம் செய்த ராக்கெட் என்ன ஆயிற்று? கோர்.ஓ.எஸ்.ஸை 2018இல் ரெட் ஹேட் வாங்கிவிட்டது. ராக்கெட் பிறகு கைவிடப்பட்டது. கருவி தோற்றது, அது எழுப்பிய கேள்வி ஜெயித்தது. வரலாற்றில் இப்படிப் பல பேர் உண்டு.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். 1998இல் நம் பள்ளிப் பொன்விழா மலருக்காக, ஓய்வு பெற்ற ஆறு மூத்த ஆசிரியர்களிடம் பேட்டி எடுத்து, நானே இரவு பகலாகக் கம்ப்யூட்டரில் தட்டினேன். மலரில் இடம் இல்லாமல் பாதிக்கு மேல் அச்சாகவில்லை. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பிளாப்பியிலும், பிறகு சி.டி.யிலும் பத்திரமாக வைத்திருந்தேன். அன்று ஒவ்வொரு எழுத்துரு விற்பவரும் தமிழுக்குத் தனித்தனிக் குறியீடு வைத்திருந்தார்கள். தமிழக அரசு 1999இல் மாநாடு கூட்டிப் பொதுக் குறியீடும் தமிழ்99 விசைப்பலகையும் அறிவித்தது அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். யூனிகோடு பரவலாக வந்து சேர இன்னும் சில வருடம் ஆயிற்று. நான் தட்டியதோ அதற்கு முன். இன்று அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கமாவுமாகத் தெரிகிறது. அந்த எழுத்துருவை விற்றவர் கடையை மூடி வெகுகாலம். அந்த ஆறு பேரும் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் பேசியது என் கையிலேயே இருக்கிறது, என்னால் படிக்க முடியவில்லை.

பெட்டியின் அளவு யாரோ ஒருவரின் சொத்தாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு வேறு பாடம் வேண்டாம்.

மாணவியிடம் இதைச் சொன்னேன். "சி.டி.யைக் குடுங்க சார், எந்த எழுத்து எதுக்கு வருதுன்னு ஒரு பட்டியல் போட்டா மாத்திடலாம்" என்று வாங்கிப்போனாள். அச்சான பாதி இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாமாம். நேற்று இரவு முதல் பக்கத்தை அனுப்பினாள். எங்கள் தமிழாசிரியர் ஐயா, மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே வகுப்பு எடுத்ததைச் சொல்கிற இடம். ஒற்றெழுத்து சில இடத்தில் தப்பு. ஆனாலும் அவர் குரலே கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் மேலே படிக்க முடிந்தது.

பொன்விழா மலர்ப் பிரதி யாரிடமாவது இருந்தால் 40ஆம் பக்கத்திலிருந்து படம் எடுத்து அனுப்புங்கள். என் பிரதியில் அந்தப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள், நான் எங்காவது தவறாக எழுதியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்