அட்டமைசருக்கு ஆயுள் எத்தனை நாள்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் புகைப்பவன் இல்லை. இதை அம்மாவும் படிக்க வாய்ப்பு உண்டு என்பதால் இந்த முன்ஜாமீன் :-) இன்னொன்று, இ-சிகரெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் இந்தியா முழுக்க 2019-லிருந்து தடை. தமிழ்நாட்டில் அதற்கும் ஒரு வருஷம் முன்பே தடை வந்துவிட்டது. ஆகவே எங்கே வாங்கலாம் என்று யாரும் கேட்க வேண்டாம்.

பிறகு எதற்கு இந்தத் தலைப்பு? சென்ற வாரம் வகுப்பில் தேய்மானப் பாடம் நடந்தது. எது மூலதனச் செலவு, எது வருவாயினச் செலவு என்பதற்கு ஆசிரியர் வழக்கம்போல இயந்திரத்தையும் பென்சிலையும் உதாரணம் காட்டினார். பல வருஷம் உழைப்பது முதல் வகை, அவ்வப்போது தீர்ந்துபோவது இரண்டாம் வகை. ஒரே பொருள் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு இறங்கிய கதை ஏதாவது உண்டா என்று எனக்கு ஒரு சந்தேகம். தேடியபோது அகப்பட்டதுதான் அட்டமைசர்.

இ-சிகரெட்டுக்குள் இருக்கும் குட்டி அடுப்புதான் அட்டமைசர். ஒரு திரி, அதைச் சுற்றி முடியளவு மெல்லிய கம்பிச் சுருள், அவ்வளவுதான். திரி திரவத்தை உறிஞ்சும். பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்ததும் சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்கும். நம் வீட்டு மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ்வையும் வெந்நீர் போடும் ஹீட்டரையும் சுருக்கி ஒரு பேனாவுக்குள் அடைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

அந்தக் கம்பிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1906-ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்த உலோகத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நாம் நிக்ரோம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். செக்கச்சிவக்கச் சூடானாலும் சீக்கிரம் எரிந்து போகாது. காரணம், சூடானதும் மேலே ஒரு ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிக் கம்பியைக் காக்கும். டோஸ்டரும் மின்சார அடுப்பும் வீட்டுக்குள் வந்தது இதனால்தான். பின்னால் ஸ்வீடனில் ஹான்ஸ் ஃபான் கான்ட்சோ என்பவர் இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்து காந்தல் என்ற கம்பியை உருவாக்கினார். 1931-ல் அதற்கென்று கம்பெனியும் தொடங்கினார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டோஸ்டருக்குள் வருஷக்கணக்கில் உழைக்கிற கம்பி வகைதான் இ-சிகரெட்டுக்குள்ளும் இருக்கிறது. ஆனால் அங்கே அதன் வாழ்நாள் சில வாரம். ஏன்?

அதற்கு முன் கருவியின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் புகையும் புகையிலையும் இல்லாத சிகரெட் ஒன்றுக்கு 1963-ல் விண்ணப்பித்து 1965-ல் காப்புரிமை வாங்கினார். பேட்டரியில் சூடாகி, ஈரமும் வாசனையும் உள்ள காற்றைத் தரும் கருவி. அது சந்தைக்கே வரவில்லை. 2003-ல் சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தாளுநர், நிக்கோடின் திரவத்தைப் பயன்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை கேட்டார். புகைபிடித்துவந்த அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். மகனும் புகைப்பவர்தான். அவருடைய முதல் வடிவமைப்பில் சூடான கம்பி முக்கியம் இல்லை, மீயொலி அதிர்வுதான் திரவத்தைத் துளிகளாக உடைக்கும். 2004-ல் ரூயான் என்ற பெயரில் சீனாவில் விற்பனைக்கு வந்தது. 'புகை போல' என்று அர்த்தம். பின்னால் வந்தவர்கள் அதிர்வை விட்டுவிட்டுச் செலவு குறைந்த கம்பிச் சுருளுக்கு மாறிக்கொண்டார்கள். ஆயுள் பிரச்சினை ஆரம்பித்தது அங்கேதான்.

2008, 2009 வாக்கில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியவை மூன்று துண்டு மாடல்கள். பேட்டரி ஒன்று, அட்டமைசர் ஒன்று, பஞ்சில் திரவம் நனைத்த கார்ட்ரிட்ஜ் ஒன்று. மூன்றும் திருகிக் கழற்றக்கூடியவை. தீர்ந்துபோவது கார்ட்ரிட்ஜ் மட்டும்தான், அட்டமைசர் நிரந்தரச் சொத்து. காகிதத்தில் அப்படித்தான்! நடைமுறையில் சிலருக்கு அது ஒரே வாரத்தில் போனது, சிலருக்கு இரண்டு மூன்று மாதம் ஓடியது.

கம்பி அறுந்து போனதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் சிக்கல் அடைப்புதான். திரவத்தில் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோடின், வாசனைப் பொருள், பல சமயம் இனிப்பும். பாகு காய்ச்சும்போது கொஞ்சம் கவனம் தப்பினால் பாத்திரம் அடிப்பிடிக்கும் இல்லையா? அதே கதை இங்கே ஒவ்வொரு இழுப்பிலும் துளித்துளியாக நடக்கிறது. சுருளின் மேல் கறுப்பாக ஒரு கரித்தோல் படிகிறது. வெந்நீர் ஹீட்டரில் உப்புப் படிந்தால் தண்ணீர் சூடாக நேரமாவது போல, இங்கேயும் கம்பிக்குச் சூடு உண்டு, திரவத்துக்குப் போய்ச் சேராது. திரியிலும் அடைப்பு. திரவம் வராததால் சுருள் காய்ந்து இன்னும் சூடாகும், இன்னும் கரி பிடிக்கும்.

பயன்படுத்தியவர்கள் கண்டுபிடித்த கைவைத்தியங்கள்தான் இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி. புது அட்டமைசரில் சில துளி விட்டு, திரி ஊறும்வரை காத்திருந்து அப்புறம் தொடங்கினார்கள். கார்ட்ரிட்ஜ் காயும் முன்பே நிரப்பினார்கள். நீளமாக, அடுத்தடுத்து இழுப்பதைக் குறைத்தார்கள். இனிப்பும் அடர்நிறமும் உள்ள திரவங்களைத் தவிர்த்தார்கள். அடைத்துக்கொண்டால் வாயால் ஊதி, வெந்நீரிலோ ஆல்கஹாலிலோ ஊறப்போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவைத்தார்கள். பல் செட் கழுவும் மாத்திரையில் ஊறவைத்தவர்கள்கூட உண்டு!

கடைசி வைத்தியம், திரவமே இல்லாமல் சுருளைச் சில நொடி சிவக்கவிட்டுக் கரியை எரிப்பது. பம்ப் ஸ்டவ்வுக்கு பின் குத்துகிற மாதிரி. குத்தினால் எரியும், அளவு மீறினால் பர்னரே போய்விடும். அன்றைய திரி கண்ணாடி இழை என்பதால் அந்தச் சூட்டைத் தாங்கியது. பின்னால் பஞ்சுத் திரி வந்ததும் இந்த வைத்தியம் செல்லவில்லை, பஞ்சு பற்றிக்கொள்ளுமே. திரியைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. காய்ந்த திரியோடு இழுத்தால் கருகல் சுவை வரும். அது வெறும் சுவைக் கேடு இல்லை. அளவுக்கு மீறிச் சூடாகும் கிளிசரினும் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவற்றை உண்டாக்கும். ஆக, அட்டமைசரின் ஆயுளை நீட்டப் பிடிவாதமாகப் பழையதையே இழுத்தவர் காசை மிச்சம் பிடித்தார், நுரையீரல் கணக்கில் எழுதினார்.

இனி நம்ம சப்ஜெக்ட், அதாவது வணிகம். வாடிக்கையாளர் அட்டமைசரைக் கழுவிக் கழுவி ஓட்டினால் விற்பவருக்கு என்ன லாபம்? அடுத்து வந்தது கார்ட்டோமைசர். சுருளையும் பஞ்சையும் ஒரே குழாய்க்குள் வைத்துவிட்டார்கள். திரவம் தீர்ந்தால் அடுப்பும் சேர்ந்து குப்பைக்கு. சும்மா சொல்லக்கூடாது, வாடிக்கையாளருக்கும் இதில் வசதி இருந்தது, கழுவும் வேலை மிச்சம். ஆனாலும் சிலர் விடவில்லை. சிரிஞ்சு வைத்து அதையும் நிரப்பினார்கள். பிறகு கண்ணாடித் தொட்டியும் மாற்றக்கூடிய சுருளும் வந்தன. சுருள் மட்டும் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாங்க வேண்டும். இன்னொரு பக்கம், காந்தல் கம்பியையும் பஞ்சையும் மொத்தமாக வாங்கி, துளையிடும் பிட்டில் சுற்றித் தாங்களே சுருள் செய்துகொண்டவர்கள். இவர்கள் கையில் அட்டமைசர் மறுபடி சொத்தாக மாறியது. உடல் பாகம் வருஷக்கணக்கில் இருக்கும், கம்பியும் பஞ்சும் மட்டும் செலவுக் கணக்கில்.

சந்தை போன திசை வேறு. 2015-ல் அமெரிக்காவில் ஜூல் வந்தது. 0.7 மில்லி திரவம் கொண்ட மூடிய பாட், சுருளும் அதற்குள்ளேயே. தீர்ந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான். இளைஞர்களிடம் அது தீயாய்ப் பரவியதும், 2020 தொடக்கத்தில் அமெரிக்க எஃப்.டி.ஏ., பழ வாசனை போன்ற சுவைகள் கொண்ட கார்ட்ரிட்ஜ்கள் மீது கெடுபிடி காட்டியது. முழுசாகத் தூக்கிப் போடும் ரகங்கள் அந்தக் கெடுபிடிக்குள் வரவில்லை. பிறகு என்ன, வியாபாரம் அந்த ஓட்டை வழியே போனது. இப்போது அட்டமைசர் மட்டும் இல்லை, லித்தியம் பேட்டரியும் சேர்ந்து குப்பையில். நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி, ஒரே ஒரு முறை பயன்பட்டுக் குப்பைக்குப் போகிறது!

பிரிட்டனில் 2023-ல் மெட்டீரியல் ஃபோகஸ் என்ற அமைப்பு எடுத்த கணக்கின்படி வாரத்துக்குச் சுமார் 50 லட்சம் ஒருமுறை இ-சிகரெட்டுகள் குப்பைக்குப் போயின. முந்தைய வருஷம் அது 13 லட்சம். பேட்டரி நசுங்கினால் குப்பை லாரியிலேயே தீப்பிடிக்கும் என்பது தனிக் கவலை.

பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை ரகங்களின் விற்பனையைத் தடை செய்தது. அங்கே தடைக்குத் தப்ப வேண்டுமானால் கருவியில் திரவத்தைத் திரும்ப நிரப்ப முடிய வேண்டும், பேட்டரியைத் திரும்ப சார்ஜ் செய்ய முடிய வேண்டும். சார்ஜ் செய்ய முடிவது மட்டும் போதாது என்று இன்னொரு நிபந்தனையும் வைத்திருக்கிறார்கள்: சுருளைப் பயன்படுத்துபவரே மாற்ற முடிய வேண்டும், அல்லது சுருள் உள்ள பாட் தனியாகக் கடையில் கிடைக்க வேண்டும். 2009-ல் மூன்று துண்டு மாடலோடு கேட்காமலே கிடைத்த வசதி அது.