இடுப்புக்கு ஒரு க்யூ

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நடந்திருக்கிறீர்களா? வைகைத் தண்ணீர் பாயும் ஊர். அகத்தியைப் பிடித்துக்கொண்டு கொடி மேலே ஏறும். கீழே வாய்க்கால், பாத்தி, எப்போதும் ஈரம். கால் வைக்கும்போது கொஞ்சம் அசந்தால் ஆள் மல்லாக்க.

1983ல் என் பெரியப்பா அப்படித்தான் விழுந்தார். “ஒண்ணுமில்லடா, சுளுக்குத்தான்” என்றார். எழுந்திருக்க முடியவில்லை. மறுநாள் கட்டுப் போடுகிறவர் வந்தார். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி. மூன்று மாசம் கட்டிலில் கிடந்தார். கூடிவிடும் என்றார்கள். கூடவில்லை. ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிப்போனது. அதற்கப்புறம் பதினோரு வருஷம், சாகிறவரைக்கும், அவருக்கு ஒரு கம்பும் ஒரு திண்ணையும்தான்.

கட்டுப் போட்டவரைக் குறை சொல்லவில்லை. கை எலும்பு, கணுக்கால் என்றால் அவர் கில்லாடி. ஆனால் இடுப்பு விஷயம் வேறு. தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து. அதற்குக் கீழே ஒரு கழுத்து. பந்துக்குப் போகிற ரத்தத்தில் பெரும்பகுதி அந்தக் கழுத்து வழியாகத்தான் மேலே ஏறவேண்டும். கழுத்து உடைந்தால் ரத்தக்குழாயும் பெரும்பாலும் அறுந்துவிடும். பந்து பட்டினி கிடந்து சாகும். வெளியே எத்தனை இறுக்கிக் கட்டினாலும் உள்ளே செத்த எலும்பு எப்படி ஒட்டும்?

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனார். ஆறு மாசம் கழித்து, வெளியூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு. ஆபரேஷன் இலவசம்தான், உள்ளே வைக்கிற சாமானை மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பெரியப்பா கடையில் விலையைக் கேட்டார். பேசாமல் பஸ் ஏறிவிட்டார்.

பதினோரு வருஷம் அவர் காத்திருந்தார் என்று சொல்லலாமா? எந்த நோட்டிலும் அவர் பெயர் இல்லை. நம்பர் இல்லை, தேதி இல்லை. அதுதான் இந்த வாரக் கதை.

இப்போது இங்கிலாந்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவோம். இதே இடுப்புக்காக உலகத்திலேயே பிரபலமான க்யூ நின்றது அங்கேதான்.

1948 ஜூலை 5. பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று தேசிய சுகாதார சேவை பிறக்கிறது. பிறக்கும்போதே கையில் ஒரு பட்டியல். ஏதோ ஒரு சிகிச்சைக்காகக் காத்திருப்பவர்கள் சுமார் 5 லட்சம் பேர். ஆனால் அந்தப் பட்டியலில் செயற்கை இடுப்புக்காக நின்றவர் அநேகமாக யாரும் இல்லை. க்யூ நிற்க வேண்டுமென்றால் முதலில் ரேஷன் கடை திறந்திருக்க வேண்டுமே! உருப்படியான இடுப்பு மாற்று ஆபரேஷன் அப்போது கிடையாது.

கடையைத் திறந்தவர் ஜான் சார்ன்லி. லங்காஷயரில் ரைட்டிங்டன் என்ற ஆஸ்பத்திரி. அதற்கு முன் காசநோயாளிகளை வைத்திருந்த இடம். சார்ன்லியிடம் ஒரு நோயாளி வந்தார். வேறெங்கோ அக்ரிலிக் பந்து வைத்துக்கொண்டவர். சாப்பாட்டு மேஜையில் எதையாவது எடுக்கச் சாய்ந்தால் இடுப்பு ‘கீச்’ என்று கத்துமாம். மனைவி தாங்கமாட்டாமல் எழுந்து போய்விடுவாராம். எல்லோருக்கும் அது தமாஷ். சார்ன்லிக்கு அது உராய்வு. அங்கே பிடித்துக்கொண்டார்.

வழுக்கும் பொருள் வேண்டும். டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். நம் வீட்டுத் தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறோமே, அதேதான். கிட்டத்தட்ட 300 பேருக்கு வைத்தார். ஆஹா, நடக்கிறார்கள்! இரண்டு மூன்று வருஷம்தான். டெஃப்லான் தேய்ந்து தூளாகி, அந்தத் தூளைச் சுற்றி உடம்பு சீழ் மாதிரி கட்டிக்கொண்டது. ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சார்ன்லி அத்தனை பேரையும் மறுபடி கிழித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கோளாறு நிஜமாகவே அந்தத் தூளால்தானா? தன் தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டு பார்த்தார். வீங்கியது. அதையும் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்.

1962 மே மாதம் ஒரு சேல்ஸ்மேன் வந்தார். கையில் பாலிஎத்திலீன் துண்டு. நெசவு மில் தறிகளின் பல்சக்கரத்துக்கு விற்கிற சரக்கு. சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, இது வேலைக்காகாது என்று வெளியூர் போய்விட்டார். அவருடைய மெக்கானிக் ஹாரி கிரேவன் சொல்பேச்சு கேட்கவில்லை. தேய்மான மெஷினில் மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுகூடத் தேயவில்லை. அந்த வருஷம் நவம்பரில் முதல் ஆபரேஷன். இன்றைக்கு உலகம் பூராவும் நடக்கிற இடுப்பு மாற்று சிகிச்சைக்கு அதுதான் தாத்தா. (சொல்பேச்சு கேட்காத மெக்கானிக் ஆபீசுக்கு ஒருத்தராவது வேண்டும் என்பது என் கட்சி.)

இப்போது கடை திறந்தாயிற்று. க்யூ சும்மா இருக்குமா? வலியைச் சகித்துக்கொண்டு நாற்காலியில் கிடந்த கிழங்கட்டைகள் எல்லாம் எழுந்து வந்தார்கள். இடுப்பு வலியால் சட்டென்று உயிர் போகாது. அதனால் புற்றுநோய், விபத்து என்று வருகிறவர்கள் முந்திக்கொள்வார்கள். இடுப்புக்காரர் பின்னால் தள்ளப்படுவார். 1991ல் பிரிட்டிஷ் அரசு ‘நோயாளிகள் சாசனம்’ என்று ஒன்றை வெளியிட்டது. யாரையும் இரண்டு வருஷத்துக்கு மேல் காக்கவைக்க மாட்டோம் என்பது அதில் ஒரு வாக்குறுதி. இரண்டு வருஷம்! பெருமையாகச் சொன்னார்கள் ஐயா.

யுவோன் வாட்ஸ் என்றொரு மூதாட்டி. பெட்ஃபோர்டுக்காரர். 2002ல் அவருக்குச் சொல்லப்பட்ட காத்திருப்பு சுமார் ஒரு வருஷம். பிரான்ஸ் போய்ச் செய்துகொள்கிறேன், செலவைக் கொடுங்கள் என்றார். மறுத்தார்கள். நிலைமை மோசமானதும் மூன்று நாலு மாதம் என்று குறைத்தார்கள். அம்மையார் அசரவில்லை. 2003 மார்ச்சில் பிரான்ஸின் அப்வில் நகரத்தில் 3,900 பவுண்டு கொடுத்து ஆபரேஷனை முடித்துக்கொண்டார். கோர்ட்டுக்குப் போனார். வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2006 மே 16ல் தீர்ப்பு: க்யூ இருக்கிறது என்பது மட்டுமே மறுப்பதற்குக் காரணமாகாது, அந்த நோயாளிக்கு எவ்வளவு வலி, எந்த நிலைமை என்று பார்த்து, அதற்குத் தகுந்த காலத்துக்குள் சிகிச்சை கொடுக்க முடியுமா என்று சொல்லவேண்டும்.

இதற்கிடையே 18 வாரம் என்று இலக்கு வைத்தார்கள். 2008 வாக்கில் பெரும்பாலும் தொட்டும் விட்டார்கள். பிறகு சறுக்கல், கொரோனா. 2023 செப்டம்பரில் இங்கிலாந்தின் மொத்தக் காத்திருப்புப் பட்டியல் சுமார் 77 லட்சம். வெட்கக்கேடுதான். ஆனால் அது மாதாமாதம் வெளியாகிற நம்பர். பார்லிமென்டில் கத்தலாம். வாட்ஸ் பாட்டி வழக்குப் போட்டதே தன் பெயர் பட்டியலில் இருந்ததால்தான். பெரியப்பா யார்மேல் வழக்குப் போடுவார்? திண்ணை மேலா?

மதுரையிலேயே ஒரு க்யூ கரைந்த கதை உண்டு. கண் புரை. டாக்டர் வெங்கடசாமிக்கு முப்பது வயதில் முடக்குவாதம். விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகி, அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்று, 1976ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு, யானை விலை. 1992ல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். விலை சரிந்தது. ‘உள்ளே வைக்கிற சாமான்’தான் அங்கேயும் பிரச்னை, கவனியுங்கள். லென்ஸ் துளியூண்டு, ஆபரேஷனும் சில நிமிஷம். இடுப்புக்கு உலோகமும் பிளாஸ்டிக்கும் ரத்தமும் மயக்க டாக்டரும் வேண்டும். மூட்டுநோயில் அவதிப்பட்ட மனிதர் கண்ணைத்தான் தேர்ந்தெடுத்தார்.

இடுப்புக்கு வழி பிறந்தது இன்ஷூரன்ஸில். 2009 ஜூலை 23ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரியில் ஜெயலலிதா அதை மாற்றி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று கொண்டுவந்தார். ஆட்சி மாறினால் பெயர்ப்பலகையும் மாறும், நமக்குத் தெரியாதா? ஆனால் முக்கியமான விஷயம், அரசு ஆஸ்பத்திரியும் தான் செய்த ஆபரேஷனுக்குக் காப்பீட்டுப் பணம் வாங்கலாம். அந்தப் பணத்தில் சாமான் வாங்கலாம். நோயாளி கையில் சீட்டைத் திணிக்க வேண்டியதில்லை.

பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணன், 2014ல் அதே கொடிக்காலில் விழுந்தார். அதே இடுப்பு. வலது பக்கம் என்பது மட்டும் வித்தியாசம். இந்தத் தடவை தப்பை இல்லை, எக்ஸ்ரே. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, கலெக்டர் ஆபீசில் போட்டோ, கார்டு, பிறகு ஒப்புதல் வருகிறவரை வார்டில் கிடை. பத்தொன்பதாம் நாள் ஆபரேஷன். அண்ணிதான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா?” இல்லை. குத்தவைக்கக் கூடாது, சம்மணம் போடக் கூடாது என்றார். கோடாலி முதுகில் விழுந்த மாதிரி இருந்தது அண்ணனுக்கு. கொடிக்கால் வேலையில் பாதி குத்தவைத்துச் செய்கிற வேலை. பிளாஸ்டிக் சேரில் நடுவே ஓட்டை போட்டு ஒரு ஏற்பாடு செய்தோம். இன்னொரு சேர் கொட்டகையில். அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, மற்றவர்கள் கிள்ளிக்கொண்டு வருகிற இலையை அண்ணன் கவுளி கவுளியாக எண்ணி அடுக்குகிறார். பெரியப்பாவின் கம்பு பரணில் கிடந்தது. போன தடவை போனபோது பார்த்தேன், பந்தலில் ஒரு கொடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.