உத்தியோகமும் உடற்சான்றும்

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணற்று நீரை நம்பியே பயிர்ச்செய்கை நடந்து வந்தது. காணியோ தலைமுறைக்குத் தலைமுறை துண்டுபட்டுச் சிறுத்தது. ஆதலின் கல்வியைக் கைம்முதலாகக் கொண்டு உத்தியோகம் தேடுதல் அங்குள்ளோரின் வாழ்க்கை வழியாயிற்று. கொழும்பிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் மலாயாவிலும், எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி ஊழியராகவும் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் அமர்ந்தனர்.

எனினும், சோதனையிற் சித்தியெய்துவதோடு உத்தியோகத்தின் கதவு முழுதுந் திறந்துவிடுவதில்லை. வைத்தியர் முன் நின்று உடற்சான்று பெறுதல் இரண்டாவது வாயிலாகும். நீரிழிவு, தொய்வு, வலிப்பு, இருதய நோய் என்பவற்றுள் ஒன்றோடு வாழும் இளைஞருக்கு முதல் வாயிலினும் இதுவே அச்சந் தருவது. இவ்வாயில் எதன்பொருட்டு அமைக்கப்பட்டது என்பதை வரலாற்றிலே தேடிப் பார்த்தல் பயனுடைத்து.

இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயது நிரம்பாத பிள்ளைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. அரசாங்கப் பிறப்புப் பதிவு அப்போது அந்நாட்டிலே தொடங்கியிருக்கவில்லை. ஆகவே, பிள்ளையின் உடல்வளர்ச்சியை நோக்கிச் சான்று வழங்கும் பொறுப்பு வைத்தியரிடம் விடப்பட்டது. வேலை செய்பவரைக் காப்பதே அச்சான்றின் நோக்கமாயிருந்தது.

1855இல் அந்நாட்டுக் குடியியற் சேவை ஆணைக்குழு நிறுவப்பட்டபோது சான்று வேறொரு வடிவம் பெற்றது. கடமையைச் செவ்வனே ஆற்றுவதற்கு இடையூறாகக்கூடிய உடற்குறையோ நோயோ விண்ணப்பகாரருக்கு இல்லை என்பதை உறுதிசெய்தல் ஆணைக்குழுவின் பணிகளுள் ஒன்றாயிற்று. 1859ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் ஆணைக்குழுவின் சான்றை ஓய்வூதிய உரிமையோடு பிணைத்தது. இவர் இன்று வேலை செய்ய வல்லவரா என்ற கேள்வியின் பக்கத்திலே, இவர் காலத்துக்கு முன் நோயுற்றுத் திறைசேரிக்குச் சுமையாவாரா என்ற கேள்வியும் வந்து நின்றது. பிரித்தானியர் ஆட்சியிலிருந்த இலங்கையின் அரசசேவையிலும் இம்மரபு வேரூன்றியது. இன்றும் தாபன விதிக்கோவை, நியமனம் பெறுவோர் வைத்திய பரிசோதனைக்கு உட்படவேண்டும் என்று விதிக்கிறது.

கேள்வி இரண்டாகிய அதே நூற்றாண்டில் வைத்தியரின் கண்ணும் கூர்மையடைந்தது. 1816இல் இலயனெக் என்னும் பிரெஞ்சு வைத்தியர் நெஞ்சொலி கேட்குங் கருவியை ஆக்கினார். 1882இல் கொக் சயரோகக் கிருமியைக் கண்டறிந்தார். 1895இல் இறொஞ்சன் கண்டறிந்த ஊடுகதிர் பின்னர் நெஞ்சின் உள்ளறையைக் காட்டிற்று. 1905இல் கொறொற்கொவ் இரத்த அழுத்தத்தை ஒலியால் அளக்கும் முறையை வகுத்தார். மறைந்துகிடந்த நோய் வெளிப்பட்டது. ஆயின் அதனைத் தீர்க்கும் மருந்து கூடவே வந்துவிடவில்லை. இளமையில் நீரிழிவு கண்டால் அக்காலத்தில் ஆயுள் சில ஆண்டுகளே. ஆதலின், பரிசோதனையில் நோய் தெரிந்தவரை விலக்கியோர்க்குச் சொல்வதற்கு ஒரு காரணமேனும் இருந்தது.

அக்காரணம் பின்னர்த் தளர்ந்தது. 1922 சனவரியில் தொறன்ரோ நகரிலே பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. 1943இல் சயரோகத்தைத் தாக்கும் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. தொய்வுக்கும் வலிப்புக்கும் நல்ல மருந்துகள் வந்தன. நாள்தோறும் மருந்தெடுக்கும் ஒருவர் ஓய்வுபெறும் வயதுவரை உழைப்பது இன்று வியப்பன்று. நோயின் பெயரை மாத்திரம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பழைய வழக்கமோ மருந்தின் வேகத்தோடு மாறவில்லை.

இப்பழக்கத்தால் விளையும் பெருந்தீங்கு நோயை ஒளித்தலாகும். சான்று கிடையாது போய்விடுமென்று அஞ்சி வலிப்பை மறைத்தவர் சாரதியாகலாம்; தொய்வை மறைத்தவர் தூசி நிறைந்த ஆலைக்குட் செல்லலாம். 1950இல் தொடங்கி 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை போன்ற ஓரிடத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். தொய்வுடைய இளைஞருக்கு அரைக்கும் பகுதி ஆகாது. கணக்குப் பகுதிக்கு அவர் முற்றுந் தகுதியானவர். நீரிழிவுடையவருக்கு வேண்டுவன நேரத்துக்கு உணவும், இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க ஓரிடமுமே. 1990இன் பின் குடாநாடு நீண்டகாலம் தேசிய மின்வழங்கலின்றி இருந்தபோது, குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்கு இருந்த மதிப்பு அங்கு வாழ்ந்த நோயாளருக்கு நன்கு தெரியும். உடலின் வலுவோடு சூழலின் வசதியையும் சேர்த்தே தகுதி அளக்கப்படவேண்டும்.

சட்டங்களும் இத்திசையிலே திரும்பியுள்ளன. சர்வதேசத் தொழிற் தாபனம் 1946இல் இயற்றிய 77ஆம் இலக்கச் சமவாயம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையிற் சேர்க்குமுன் வைத்திய பரிசோதனை வேண்டும் என்றது. சில வேலைகளுக்குப் பொருந்தாதவரெனக் காணப்பட்டோருக்குத் தொழில் வழிகாட்டலும் புனர்வாழ்வும் அளித்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணங்காட்டி வேலைக்குச் சேர்ப்பதிற் பாரபட்சஞ் செய்வதைத் தடுக்கிறது. ஆயினும், நாட்பட்ட நோய் ஒவ்வொன்றும் அச்சட்டத்துள் அடங்கும் என்று கொள்வதற்கில்லை.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்து வைத்திய வரலாற்றின் ஒரு பாடம் நினைக்கத் தக்கது. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடாத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார்; உடற்கூறு முதலிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கினார். நோயைப் பற்றிய அறிவு நோயாளியின் மொழியிலே இருத்தல் வேண்டும் என்பது அவர் பணியின் அடிப்படை. உடற்பரிசோதனைக்கும் அது பொருந்தும். என்ன சோதிக்கப்படுகிறது, ஏன் சோதிக்கப்படுகிறது, முடிவு யாது என்பவை இளைஞருக்கு விளங்குமாறு சொல்லப்படுதல் வேண்டும்.

இளைஞர் தம் மருந்துகளின் பெயரையும் அளவையும், அண்மைய சோதனை முடிவுகளையும், தம்மை வழக்கமாகப் பார்க்கும் வைத்தியரின் கடிதத்தையும் கொண்டு செல்லுதல் நன்று. கட்டுப்பாட்டிலுள்ள நோய்க்கு அவையே சாட்சி. வைத்தியரோ வேலையின் தன்மையை முதலில் அறிந்து, பின்னர் உடலை நோக்குதல் வேண்டும். வேலைகொடுப்போர் அறியவேண்டியது, அவ்வேலைக்கு அவர் தகுதியானவரா, எவ்வசதி வேண்டும் என்பவை. நோயின் முழு விபரமும் அவர்களுக்குத் தேவைப்படாது.

1833இல் வைத்தியரின் கையெழுத்து ஆலைப் பிள்ளைகளைக் காப்பதற்கெனப் பிறந்தது. தனக்கேற்ற வேலையில் நோயுடைய இளைஞர் ஒருவரை அமர்த்தும்போது, அக்கையெழுத்து தான் பிறந்த காரணத்தை நிறைவேற்றுகின்றது.