துண்டும் ஒப்பந்தமும்

மன்னாரையும் மதவாச்சியையும் இணைக்கும் பெருவீதி வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தை ஊடறுத்துச் செல்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, இத்திசையிலேதான் காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையாகி வழியிலேயே மடிந்தோர் பல்லாயிரவர். 2023 ஆம் ஆண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களில், மலையகத் தமிழரின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மீண்டும் நடந்தபோது, அந்த மடிந்தோரே நம் நெஞ்சில் முன்வந்து நின்றனர்.

அன்று அக்கூட்டத்தின் முன்னால் நடந்தவன் கங்காணி. அவன் அந்நியன் அல்லன். பெரும்பாலும் அதே ஊரவன், உறவு முறை சொல்லி அழைக்கப்பட்டவன். தோட்டத் துரையிடம் முற்பணம் பெற்று, ஊருக்குச் சென்று ஆள் சேர்த்தான். வழிச்செலவும் சோற்றுச் செலவும் கூலியாளின் தலையில் கடனாக ஏறின. தோட்டத்துப் பேரேட்டிலோ அக்கடன் கங்காணியின் பெயரில் இருந்தது. கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டம் செல்ல விரும்பினால், இன்ன தொகை செலுத்தப்பட்டால் இவர்களை விடுவிப்போம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுவே 'துண்டு'. ஆள் தேவைப்பட்ட தோட்டம் அத்தொகையைக் கட்டிக் கூட்டத்தைப் பெற்றுக்கொண்டது. கொழுந்து பறித்தவளின் விரல் வேகத்திற்கு விலை ஏறியபோதும், ஏறிய விலை அவள் கைக்கு வரவில்லை. அவள் கடனாகவே ஏறியது. துண்டின்றித் தப்பிச் சென்றவனைச் சிறைக்கு அனுப்ப 1865 ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டம் இருந்தது.

இக்கதையை ஓர் விளையாட்டின் கதையோடு சேர்த்துப் படிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். உலகின் செல்வம் மிகுந்த நாடாகிய அமெரிக்காவிலே, கிரிக்கெட்டுக்கு உறவான பேஸ்போல் என்னும் பந்தாட்டத்திலே, இதே துண்டு வேறொரு பெயரில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆட்சி புரிந்தது.

1879 ஆம் ஆண்டில் அணி முதலாளிகள் தமக்குள் ஓர் இரகசிய உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வோர் அணியும் ஐந்து ஆட்டக்காரரைத் தனக்கென ஒதுக்கிவைக்கலாம். பிற அணிகள் அவர்களை அழைக்கக்கூடாது. நாளடைவில் இது எல்லா ஆட்டக்காரரின் ஒப்பந்தத்திலும் ஒரு விதியாக நுழைந்தது. ஆண்டு முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை அணிக்கு உண்டு. புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே விதி உண்டு. எனவே ஆட்டக்காரனுக்கு விடுதலை என்பதே இல்லை. ஆட்டக்காரரும் சட்டம் பயின்றவருமாகிய ஜோன் மொன்ற்கொமரி வார்ட் 1885 இல் ஆட்டக்காரர் சகோதரத்துவம் ஒன்றை அமைத்தார்; ஆட்டக்காரன் ஓர் உடைமைப் பொருளா என 1887 இல் எழுத்தில் வினவினார். 1890 இல் ஆட்டக்காரர் தாமே நடத்திய போட்டித்தொடர் ஓராண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. 1919 டிசெம்பரில் பொஸ்டன் அணி, பேப் ரூத் என்னும் ஒப்பற்ற ஆட்டக்காரரை நியூயோர்க் அணிக்கு 100,000 டொலருக்கு விற்றது. பணம் விற்ற முதலாளியைச் சேர்ந்தது. துண்டுக்கும் இதற்கும் வேறுபாடு எங்கே?

இலங்கையில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் முயற்சியாலும் இந்திய அரசின் நெருக்குதலாலும் 1921 ஆம் ஆண்டின் சட்டம் துண்டை ஒழித்தது. அதற்கு மறு ஆண்டிலேதான், ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் பேஸ்போலைக் கட்டுப்படுத்தாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியேற்ற நாட்டுத் தோட்டத்தில் ஏட்டளவிலாவது நீங்கிய தளை, சுதந்திர பூமி எனப்படும் நாட்டில் மேலும் இறுகியது.

அத்தளையை முதலில் வன்மையாக அசைத்தவர் கேர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின ஆட்டக்காரர். சென்ற் லூயிஸ் அணியில் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய அவரை 1969 ஒக்டோபரில் பிலடெல்பியா அணிக்கு மாற்றிவிட்டார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் விருப்பத்தைப் பொருட்படுத்தாது வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்தல்லன் என்ற கருத்துப்பட அவர் ஆணையாளருக்கு எழுதி, வழக்கும் தொடுத்தார். ஆண்டுக்கு 90,000 டொலர் வாங்குபவன் அடிமையா என்று நகைத்தவர் பலர். கூலி உயர்ந்ததாலேயே மனிதன் சுதந்திரன் ஆகிவிடுவதில்லை என்பதை அவர்கள் அறிந்திலர். 1970 இல் நடந்த விசாரணையில், அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒருவரேனும் அவருக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை. 1972 யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்வும் அதற்குள் முடிந்திருந்தது.

நீதிமன்றம் மறுத்ததைத் தொழிற்சங்கம் வென்றது. உருக்குத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த மார்வின் மில்லர் 1966 இல் ஆட்டக்காரர் சங்கத்தின் பொறுப்பை ஏற்றார். 1968 இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. குறைந்தபட்ச ஊதியம் 6,000 டொலரிலிருந்து 10,000 டொலராயிற்று. பின்னர் நடுநிலையான மத்தியஸ்தரிடம் முறையிடும் உரிமையும் கிடைத்தது. அன்டி மெஸர்ஸ்மித், டேவ் மக்நலி என்னும் இருவர் புதிய ஒப்பந்தத்தில் ஒப்பமிடாமல் ஓர் ஆண்டைக் கழித்தனர். புதுப்பிக்கும் உரிமை ஓராண்டுக்கே. என்றென்றைக்கும் அன்று என 1975 டிசெம்பர் 23 அன்று மத்தியஸ்தர் பீற்றர் சைற்ஸ் தீர்ப்பளித்தார். 1976 இல் ஏறத்தாழ 51,000 டொலராக இருந்த சராசரி ஆண்டு ஊதியம், 1980 இல் 143,000 டொலரைத் தாண்டியது. நான்கு ஆண்டுகளில் ஆட்டக்காரரின் கை மும்மடங்கு வலிமை பெற்றுவிடவில்லை. வெளியேறும் உரிமை ஒன்றே புதிதாக வந்தது.

இந்த வாசலின் வழியாகவே முகவர் உள்ளே நுழைந்தார். ஆறு ஆண்டுகள் ஆடியவன் தான் விரும்பிய அணிக்குச் செல்லலாம் என்ற நிலை வந்ததும், அவனுக்காகப் பேரம் பேச ஒருவர் தேவைப்பட்டார். சாதாரண மாற்று ஆட்டக்காரனை விட இவன் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தருகிறான் என்று கணக்கிட்டு விலை பேசும் காலம் வந்தது. ஸ்கொற் போராஸ் என்னும் முகவர் 2024 டிசெம்பரில் ஹுவான் சோட்டோவுக்காக நியூயோர்க் மெற்ஸ் அணியுடன் பேசி முடித்த ஒப்பந்தம் 15 ஆண்டுகளுக்கு 765 மில்லியன் டொலர்! இம்முகவர் ஆட்டக்காரனிடம் கூலி பெறுபவர், சங்கத்தின் அனுமதியின்றித் தொழில் செய்ய இயலாதவர், பிடிக்காவிட்டால் நீக்கப்படக்கூடியவர். கங்காணியை எந்தக் கூலியாள் நீக்க முடிந்தது?

எனினும், முதலாளி தோற்ற இடத்தில் புதிய வழி தேடாதிருப்பாரா? ஆறு ஆண்டு முடியுமுன்னரே இளைஞனை அழைத்து, நீண்ட கால நீடிப்பு ஒப்பந்தம் ஒன்றை நீட்டுகிறார். நாளை காயம்பட்டால் என் செய்வாய், இன்றே பாதுகாப்பைப் பெற்றுக்கொள் என்பது வாதம்; ஈடாகக் கேட்பது நாளைய விடுதலையின் சில ஆண்டுகளை. 2019 இல், 22 வயதான ஒஸ்ஸி அல்பீஸ் அட்லான்டா அணியுடன் 7 ஆண்டுகளுக்கு 35 மில்லியன் டொலருக்கு ஒப்பமிட்டார். அவருடைய திறமைக்கு அது மிகக் குறைவு எனப் பலர் கூறினர். வறுமையை அறிந்தவனுக்கு இன்றைய காசின் ஓசை பெரிது. அந்த அச்சத்திற்கும் சந்தையில் ஒரு விலை உண்டு.

சோட்டோ பிறந்த டொமினிக்கன் குடியரசுக்குச் சென்றால் நம் கங்காணியையே நேரில் காணலாம். சீனி ஆலைகளும் கரும்புத் தோட்டங்களும் சூழ்ந்த சான் பெட்ரோ டே மக்கோரிஸ் போன்ற நகரங்களின் சிறுவர்களை, 12, 13 வயதிலேயே 'புஸ்கோன்' எனப்படும் ஆள்தேடுவோர் எடுத்து வளர்க்கின்றனர். உணவும் பயிற்சியும் தருகின்றனர். பதினாறு வயதில் அணி ஒன்று சிறுவனை எடுக்கும்போது கிடைக்கும் தொகையில் நாலிலொரு பங்கையும், சில வேளைகளில் அதனினும் கூடுதலாகவும் பெற்றுக்கொள்கின்றனர். அந்நாட்டவரான பெர்னான்டோ ரற்றீஸ் இளையவர், 2017 இல் நிறுவனமொன்றிடம் முற்பணம் பெற்று, எதிர்கால வருமானத்தில் பத்திலொரு பங்கை எழுதிக் கொடுத்தார் எனச் செய்திகள் கூறின. 2021 இல் அவருக்குக் கிடைத்த ஒப்பந்தம் 340 மில்லியன் டொலர். பத்திலொரு பங்கு 34 மில்லியன். 2025 இல் அவர் வழக்குத் தொடுத்தார். முற்பணம், கடன், துண்டு என்ற மூன்று படிகளும் கடல் கடந்தும் மாறவில்லை. 2022 இல் கீழ்நிலை அணிகளின் ஆட்டக்காரரும் சங்கத்தில் சேர்ந்தனர். 2023 இல் அவர்களுடைய குறைந்தபட்ச ஊதியம் இரு மடங்காயிற்று. ஆயின், டொமினிக்கன் கோடைத்தொடரில் ஆடும் இளைஞர் அவ்வேலிக்குப் புறத்தேயே விடப்பட்டனர்.

மீண்டும் நம் மண்ணுக்கு வருவோம். துண்டு 1921 இல் ஒழிந்தும் கங்காணி ஒழியவில்லை. 1931 இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோதும், 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டு வீழ்ந்தபோதுமே அவன் பிடி தளரத் தொடங்கியது. அத்தொழிலாளரிடமிருந்து 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1958 இலும் 1977 இலும் வன்முறைக்குத் தப்பியோரில் பலர் வன்னிக்கு வந்தனர். பாட்டனார் கூலியாக நடந்துசென்ற காட்டின் அருகே பேரர் காடு வெட்டிக் குடியேறினர். அவர்களுக்குத் துணைநின்ற காந்தீயம் அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். 2009 இல், போரின் முடிவில், செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமின் முட்கம்பிக்குள் வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் அடைக்கப்பட்டபோது, அவர்களிடையே இக்குடும்பங்களும் இருந்தன.

இன்று கிளிநொச்சியின் பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் அவர்களுடைய பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். நாளை அவர்களிடமும் ஒரு முகவர் வருவார். வெளிநாட்டு வேலைக்கோ, தொழிற்சாலைக்கோ, விளையாட்டுத் திடலுக்கோ அழைப்பார். ஒரு தாளை நீட்டுவார். ஆசிரியர்களாகிய நாம் அப்பிள்ளைகளுக்குச் சில கேள்விகளையேனும் கற்பித்து அனுப்புதல் வேண்டும். இந்தத் தாளை எழுதியவர் யார்? முற்பணம் எவர் பெயரில் கடனாகிறது? முகவர் கூலி வாங்குவது யாரிடம்? விரும்பாதபோது நான் வெளியேறலாமா? வெளியேறினால் என்னோடு நிற்பவர் எத்தனை பேர்?

இறுதிக் கேள்வியே முதன்மையானது. தனியே நின்ற ஃபிளட் தோற்றார். அவருக்குப் பின் சேர்ந்து நின்றவர்கள் வென்றார்கள். செட்டிகுளத்து வழியில் பெயரின்றி மடிந்தோருக்கு அக்கேள்வியைக் கேட்கவும் வாய்ப்பு இருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு அது இருக்கின்றது.